ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், ஆனாலும் இடைவெளி: பிரிட்டன் அரசு எண்ணியதும் எண்ணாமல் விட்டதும்

பிரிட்டனில் ஏதோ ஓர் ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். பராமரிப்பு உதவியாளருக்கு மணிக்கு 13 பவுண்டு. மூத்த உதவியாளருக்கு 14. செவிலியருக்கு 16. துணை மேலாளருக்கு 20. மேலாளருக்கு 42. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே சம்பளம்தான். தோல் நிறத்தைப் பார்த்து ஒரு பென்ஸ்கூடக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

பத்துப் பேரில் ஐவர் வெள்ளையர். அவர்களில் உதவியாளர் ஒருவர், மூத்த உதவியாளர் ஒருவர், செவிலியர் ஒருவர், துணை மேலாளர், மேலாளர். மற்ற ஐவர் இனச் சிறுபான்மையினர்: உதவியாளர் இருவர், மூத்த உதவியாளர் இருவர், செவிலியர் ஒருவர்.

இப்போது கணக்குப் போடுவோம். வெள்ளையர் ஐவரின் சம்பளத்தைக் கூட்டினால் 105, சராசரி 21 பவுண்டு. மற்ற ஐவருக்குக் கூட்டினால் 70, சராசரி 14. வித்தியாசம் 7 பவுண்டு. அதாவது வெள்ளையருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்குக் குறைகிறது. சராசரியை விட்டுவிட்டு, ஐவரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்து நடுவில் நிற்பவரைப் பார்த்தாலும் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 14. இடைவெளி 12.5 சதவீதம்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டத்தை இந்த இல்லம் எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறது. ஆனாலும் இடைவெளி இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஊதிய இடைவெளி என்ற பொருளில் பாதி புரிந்துவிட்டது என்று சொல்வேன். செய்தித்தாள்களும் அரசியல்வாதிகளும் இவ்விரண்டையும் ஓயாமல் குழப்புவதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு வேறு வேறு கூலி கொடுப்பது சம ஊதிய மீறல். அது சட்டவிரோதம், வழக்குப் போடலாம். ஊதிய இடைவெளி என்பது ஒரு கூட்டத்தின் சம்பளத்துக்கும் இன்னொரு கூட்டத்தின் சம்பளத்துக்கும் உள்ள தூரம். அது தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது. உடம்பு சுடுவதைப் போன்றது அது. என்ன நோய் என்று காய்ச்சல் சொல்லாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். அந்த இல்லத்தில் மேலாளர் பதவிக்கு யார் விண்ணப்பித்தார்கள், யாரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், பத்து ஆண்டுகளாக மூத்த உதவியாளராகவே இருப்பவருக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை என்றெல்லாம் கேட்கத் தூண்டுவது அந்த எண்தான்.

தையல் மேசையிலும் பஸ் நிறுத்தத்திலும் தொடங்கிய கதை

1968 ஜூன் மாதம். கிழக்கு லண்டனை ஒட்டிய டாகன்ஹாமில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் அப்போதுதான் வேலைகளைத் தரம் பிரித்திருந்தது. இவர்களுடைய தையல் வேலை திறன் குறைந்தது என்று ஒரு தரத்துக்குக் கீழே தள்ளப்பட்டது. அந்தக் கீழ்த்தரத்திலும் ஆணுக்குக் கிடைத்ததில் 85 சதவீதம்தான் பெண்ணுக்கு. உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் வெளியே போக முடியாது. மூன்றே வாரத்தில் தொழிற்சாலை திணறிவிட்டது. வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பார்பரா காசில் தலையிட்டார். ஆண்களின் ஊதியத்தில் 92 சதவீதம் தருவதாக ஒப்பந்தமானது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. நிறுவனங்கள் தயாராகட்டும் என்று ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 1975 டிசம்பர் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்தப் பெண்களின் முதல் கோரிக்கை சம்பளம் அன்று. எங்கள் வேலையும் திறன் வேலைதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே அது. அதற்காக 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பதினாறு ஆண்டுகள். சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. ஊதிய இடைவெளியின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

நிறத்தின் கதை இதற்கு ஐந்தாண்டு முந்தியது. 1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுப்பதில்லை என்பதை வெளிப்படையான கொள்கையாகவே வைத்திருந்தது. பணிமனையில் வண்டி கழுவலாம், பழுது பார்க்கலாம். பயணிகள் முன்னால் டிக்கெட் பையுடன் நிற்கக் கூடாது. தகுதியெல்லாம் இருந்த 18 வயது இளைஞர் ஒருவருக்கு நேர்காணலுக்கு நேரம் கொடுத்தார்கள். அவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் அந்த நேர்காணல் ரத்தாயிற்று. பால் ஸ்டீஃபன்சன் என்ற இளம் சமூகப் பணியாளரும் அவருடைய நண்பர்களும் பஸ் புறக்கணிப்பை அறிவித்தார்கள். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் தடையை நீக்குவதாக அறிவித்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ஒரு சீக்கியர்.

இன்று படித்தால் மனம் பதைப்பது ஒரு விஷயத்தில்தான்: அந்த நிறுவனம் செய்தது எதுவும் அன்றைய சட்டப்படி குற்றமே இல்லை. 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்ததே தவிர, வேலையைத் தொடவில்லை. வேலையும் வீடும் 1968 சட்டத்தில்தான் சேர்ந்தன.

கெட்ட எண்ணம் இல்லாமலும் பாகுபாடு

நேரடிப் பாகுபாட்டை எவரும் புரிந்துகொள்வார்கள். பிரிஸ்டல் பஸ் அதற்கு உதாரணம். 1975இன் பாலினப் பாகுபாட்டுச் சட்டமும் 1976இன் இன உறவுச் சட்டமும் கொண்டுவந்த இரண்டாவது வகைதான் புதிது: மறைமுகப் பாகுபாடு. எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி. பார்க்க நியாயமாகவே இருக்கும். ஆனால் நடைமுறையில் ஒரு கூட்டத்தை மட்டும் அதிகமாக அடிக்கும். அந்த விதி உண்மையிலேயே தேவை என்று முதலாளி நிரூபிக்காவிட்டால் அது சட்டவிரோதம். இந்தச் சிந்தனை அமெரிக்காவிலிருந்து வந்தது. வட கரோலினாவில் ஒரு மின் நிறுவனம், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பள்ளிச் சான்றிதழையும் எழுத்துத் தேர்வையும் கட்டாயமாக்கிக் கறுப்பினத் தொழிலாளரை மேலே வரவிடாமல் தடுத்ததை 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தவறு என்றது. அன்றைய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே கருத்தை இங்கே சட்டமாக்கினார். இப்போது இவையெல்லாம் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மறைமுகப் பாகுபாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2017 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில், ஒரே தீர்ப்பில் முடித்த இரண்டு வழக்குகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் எதிர்த்தரப்பு அரசுதான். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹேல்.

முதல் வழக்கு உள்துறை அமைச்சகத்தின் மீது. அங்கே பதவி உயர்வுக்கு ஒரு திறன் தேர்வு எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். ஆனால் சிறுபான்மை ஊழியர்களின் தேர்ச்சி விகிதம் வெள்ளையரின் தேர்ச்சி விகிதத்தில் 40.3 சதவீதமாகத்தான் இருந்தது. வெள்ளையரில் நூற்றுக்கு ஐம்பது பேர் தேறுகிற இடத்தில் இவர்களில் இருபது பேர் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் அப்படி? யாருக்கும் தெரியவில்லை. காரணம் என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று அமைச்சகம் வாதிட்டது. அப்படியொரு கட்டாயம் சட்டத்தில் இல்லை என்றது நீதிமன்றம். விதி ஒரு கூட்டத்தை அதிகமாகப் பாதிக்கிறது என்று எண்கள் காட்டினால் போதும். அந்த விதி ஏன் தேவை என்று விளக்குவது முதலாளியின் பொறுப்பு.

அங்கே எண்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். யார் எந்த இனம், யார் தேறினார்கள் என்று அமைச்சகமே பதிவு வைத்திருந்தது. பதிவு இல்லையென்றால், தேர்வில் தோற்ற ஒவ்வொருவரும் தான் சரியாக எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இரண்டாவது வழக்கைத் தொடுத்தவர் சிறைச்சாலையில் பணிபுரிந்த ஓர் இமாம். கைதிகளுக்கான சமயப் பணியாளர்களுக்குப் பணியாண்டு கூடக் கூடச் சம்பளம் உயரும். நியாயமான விதி. ஆனால் 2002 வரை முஸ்லிம் சமயப் பணியாளர்களைச் சிறைத்துறை நிரந்தரச் சம்பளத்துக்கு எடுக்கவே இல்லை. வந்துபோகும் நேரத்துக்குக் கூலி மட்டும் கொடுத்தது. முழுநேரத்துக்கு வைக்கும் அளவுக்கு முஸ்லிம் கைதிகள் இல்லை என்று அது கருதியிருந்தது. ஆகவே கிறித்தவப் பணியாளர்கள் ஏணியின் மேற்படிகளில் நின்றபோது இவர்கள் கீழ்ப்படிகளில் இருந்தார்கள். ஒரே வேலை, ஒரே விதி, ஆனால் சராசரியில் இடைவெளி.

இந்த விதி முஸ்லிம் பணியாளர்களைப் பாதிக்கிறது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் இமாம் தோற்றார். நீண்ட சம்பள ஏணியைச் சிறைத்துறை குறுக்கிக்கொண்டிருக்கிறது, மாற்றம் நடக்கும் இடைக்காலத்தில் இது தவிர்க்க முடியாதது என்ற நியாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சட்டப்படி அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நேற்றைய கதவடைப்பு இன்றைய சம்பளச் சீட்டில் எப்படித் தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. சட்டம் அதைக் கண்டது, பெயர் சொன்னது, சரிசெய்யவில்லை.

பெயரைப் பார்த்துக் கிழிக்கப்படும் விண்ணப்பம்

ஏணியில் ஏறிய பிறகு நடப்பது இவ்வளவு. ஏறுவதற்கு முன்பே நடப்பதும் உண்டு. பிரிட்டன் வேலை, ஓய்வூதியத் துறைக்காக ஒரு சோதனை நடத்தி 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நகரங்களில் 987 வேலைகளுக்கு, ஏறத்தாழ ஒரே தகுதியும் அனுபவமும் உள்ளவர்களைப் போல 2,961 கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. வேறுபாடு பெயரில் மட்டும். வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல பதில் வர ஒன்பது முறை அனுப்பினால் போதுமாக இருந்தது. சிறுபான்மைப் பெயருக்குப் பதினாறு முறை.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. விண்ணப்பதாரர் தானே தயாரித்த தன்விவரக் குறிப்பை ஏற்ற இடங்களில்தான் பாகுபாடு கொழித்தது. நிறுவனம் தானே அச்சிட்ட படிவத்தை நிரப்பச் சொன்ன இடங்களில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. அப்படிப்பட்ட படிவங்களில் பெயர், பிறந்த ஊர் எல்லாம் தனித் தாளில் இருக்கும். தேர்வு செய்பவர் கைக்குப் போவதற்கு முன் அதைப் பிரித்து எடுத்துவிடலாம். மனங்களைத் திருத்த வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தாளைத் திருத்தினாலே பாதி வேலை முடிகிறது.

எண்ணை வெளியிடு என்ற சட்டம்

இனி ஊதிய இடைவெளிக்கு நேரடியாக வருவோம். வழக்குப் போடும் உரிமையைத் தனி மனிதர் தலையில் கட்டிவிட்டால், பணமும் துணிவும் உள்ளவர்கள் மட்டுமே போடுவார்கள். அதனால் பிரிட்டன் 2017இல் வேறொரு வழியை எடுத்தது: 250 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், ஆண் பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மணிக்கூலியின் சராசரி இடைவெளி, நடுநிலை இடைவெளி (சம்பள வரிசையின் நடுவில் நிற்பவர்களுக்கு இடையே உள்ளது), போனஸில் அதே இரண்டு, ஆண்களிலும் பெண்களிலும் எத்தனை சதவீதத்தினருக்குப் போனஸ் கிடைத்தது, சம்பள வரிசையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கால்பகுதியிலும் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை. இவை அனைத்தும் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கும்.

2018 ஏப்ரலுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் எண்களை வெளியிட்டன. பத்தில் ஏறத்தாழ எட்டில் ஆண்களுக்கே கூடுதல். ரயன்ஏர் விமான நிறுவனத்தில் இடைவெளி ஏறத்தாழ 72 சதவீதம். ஏனென்றால் அதன் பிரிட்டன் விமானிகள் 554 பேரில் பெண்கள் 8 பேர்தான். பெண் விமானிக்கு அவர்கள் குறைத்துக் கொடுக்கவில்லை. பெண் விமானிகளே அரிது. மேலே பார்த்த முதியோர் இல்லத்துக் கணக்கின் பெரிய வடிவம் இது.

வெளியிட வைப்பதால் பயன் உண்டா? சற்றே உண்டு. நாடு முழுவதற்கும் பார்த்தால், முழுநேரம், பகுதிநேரம் எல்லோரையும் சேர்த்து 1997இல் 27.5 சதவீதமாக இருந்த ஆண் பெண் இடைவெளி 2024இல் 13.1 சதவீதம். நீண்ட காலச் சரிவு அது. முழுப் பெருமையும் இந்தச் சட்டத்துக்குப் போகாது. சட்டத்தின் தனி விளைவை அளந்தவர்கள், இடைவெளி கொஞ்சம் சுருங்கியது உண்மை, ஆனால் பெண்களின் சம்பளம் உயர்ந்ததைவிட ஆண்களின் சம்பள உயர்வு மெதுவானதே முதன்மைக் காரணம் என்கிறார்கள்.

எண் எங்கே பொய் சொல்லும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு லண்டனில் காலை நாலரை மணிக்கு நகர மையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், பையில் சோற்றுப் பெட்டி, காலில் மெத்தென்ற செருப்பு. ஆப்பிரிக்கர், வங்காளிகள், தென்னமெரிக்கர், நம்மவர்கள். வங்கிகளின் மாடிகளைக் கூட்டித் துடைத்துவிட்டு, வங்கிக்காரர்கள் வருவதற்கு முன் வெளியேறிவிடுவார்கள். அந்த வங்கியின் ஊதிய இடைவெளிக் கணக்கில் அவர்கள் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது துப்புரவு ஒப்பந்த நிறுவனம், ஆகவே அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அங்கே எல்லோருக்குமே குறைந்த கூலி என்பதால் இடைவெளி அழகாகச் சிறுத்துத் தெரியும். மேல் முனையிலும் இதே ஓட்டை. சட்ட, கணக்கியல் நிறுவனங்களின் பங்குதாரர்கள் ஊழியர்கள் அல்ல என்பதால், அங்கே மிக அதிகம் சம்பாதிப்பவர்களே கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

நிறத்தை ஏன் எண்ணவில்லை?

பெண்களுக்கு வந்த இந்தச் சட்டம் சிறுபான்மையினருக்கு இன்னும் வரவில்லை. கேட்காமல் இல்லை. 2017 பிப்ரவரியில் ரூபி மெக்கிரிகர்-ஸ்மித், அரசு கேட்டுக்கொண்டதற்கேற்பத் தயாரித்த அறிக்கையில், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஊதிய விவரத்தை இனவாரியாக வெளியிடச் சட்டம் வேண்டும் என்றார். சிறுபான்மையினரின் திறன் முழுதும் பயன்பட்டால் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 2,400 கோடி பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கும் காட்டினார். 2018 அக்டோபரில் தெரசா மே அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பிறகு மௌனம். 2021இல் இன்னோர் ஆணையம் விருப்பமுள்ளவர்கள் வெளியிட்டால் போதும் என்றது. 2023 ஏப்ரலில் அதற்கான வழிகாட்டி வந்தது. 2024 ஜூலையில் மன்னர் உரையில் சட்ட வரைவு கொண்டுவருவதாகத் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் கருத்துக் கேட்பு.

அந்த வரைவின் நோக்கத்தில் இரண்டாவது அம்சம் ஒன்று உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. 1984 முதல் ஒரு பெண், தன் வேலையும் வேறு வகையான வேலை செய்யும் ஆணின் வேலையும் சம மதிப்புள்ளவை என்று வாதிட்டு ஊதியம் கேட்கலாம். கப்பல் கட்டும் தளத்தில் சமைத்த ஒரு பெண், அங்கே பெயின்ட் அடித்தவர், தச்சர் ஆகியோருடன் தன் வேலையை ஒப்பிட்டு 1988இல் வென்றார். இந்த வழி ஆண் பெண் வேற்றுமைக்கு மட்டுமே திறந்திருக்கிறது. நிறத்துக்கு இல்லை. அதையும் திறந்துவிடுவோம் என்பதுதான் அந்த இரண்டாவது அம்சம்.

ஏன் இத்தனை தயக்கம்? எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. ஆண், பெண் என்று பிரித்தால் இரண்டு நிரல். இனத்துக்கு எத்தனை நிரல்? 2022இல் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கில் கறுப்பின ஊழியரின் நடுநிலை மணிக்கூலி 13.53 பவுண்டு, வெள்ளையருக்கு 14.35. இடைவெளி 5.7 சதவீதம். பாகிஸ்தானியர், வங்கதேசத்தினர் கீழே இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரும் சீனரும் வெள்ளையரைவிட மேலே. எல்லோரையும் சிறுபான்மையினர் என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஒருவரின் உயர்வு இன்னொருவரின் தாழ்வை மூடிவிடும்.

நம்மவர்களையே பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் சென்னையிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் இந்தியர் என்ற கட்டத்தில் குறியிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இருபது ஆண்டுகளாகப் பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவருக்கு அங்கே கட்டம் இல்லை. 'பிற ஆசியர்' என்பதில் போய் விழுவார். அதே கட்டத்தில் இன்னும் எத்தனையோ நாட்டவர் இருப்பார்கள். ஒரே மொழி பேசும் இருவர், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், இரண்டு வேறு நிரல்களில் கரைந்துபோகிறார்கள்.

இவை உண்மையான சிக்கல்கள். ஆனால் எண்ணாமல் இருப்பதற்கு இவை காரணமாகா என்பதே என் உறுதியான கருத்து. சொல்வதற்கு ஆதாரம் பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிறது. வட அயர்லாந்தில் கத்தோலிக்க ஆண்களிடையே வேலையின்மை புரொட்டஸ்டன்ட் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. அதைத் தடுக்க அங்கே 1976இல் வந்த முதல் சட்டம் வெறும் உபதேசமாக இருந்ததால் பலிக்கவில்லை. 1989இல் நியாய வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு தனியார் முதலாளியும், தன்னிடம் எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புரொட்டஸ்டன்ட் என்று ஆண்டுதோறும் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறை நிலைமையை ஆராய்ந்து, தேவையானதைச் செய்ய வேண்டும். எதிலும் சேர விரும்பாமல் படிவத்தை வெறுமையாக விடுபவர்களை என்ன செய்வது? அவர் சிறுவயதில் படித்த பள்ளியைப் பார்த்து நிறுவனமே குறித்துக்கொள்ளலாம் என்பதுவரை விதி யோசித்து வைத்திருக்கிறது. வெடிகுண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், உன் சமூகம் எது என்று கேட்பதே ஆபத்தாக இருந்த ஊரில், இதைச் செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணி நடக்கிறது. பதினொரு பேர் வேலை செய்யும் பெல்ஃபாஸ்ட் பட்டறையால் முடிவதை 250 பேர் கொண்ட லண்டன் நிறுவனத்தால் முடியாது என்றால் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

இட ஒதுக்கீட்டுக்குப் பழகிய நமக்கு இன்னொரு கேள்வி எழும். எண்ணிய பிறகு இடம் ஒதுக்கிவிடலாமே? பிரிட்டனில் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை. வட அயர்லாந்துக் காவல்துறையில் 2001 முதல் பத்தாண்டு பாதிக்குப் பாதி என்று எடுத்தது தனிச் சட்டத்தின் விலக்கு. மற்றபடி, இரண்டு விண்ணப்பதாரர்கள் எல்லா வகையிலும் சமமாக இருந்தால் மட்டுமே குறைவாக உள்ள சமூகத்தவருக்கு முன்னுரிமை தரலாம். இதைத் தாராளமாகப் பயன்படுத்திய செஷயர் காவல்துறை, வெள்ளை இளைஞர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2019இல் தோற்றது.

கட்டமே இல்லாத சாதி

தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. பீகாரைச் சேர்ந்த ஓர் ஆதிவாசிப் பெண்ணை இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று வீட்டு வேலைக்கு மில்டன் கீன்ஸ் நகருக்கு அழைத்துவந்தது. நான்கரை ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். கணக்குப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது மணிக்கு 11 பென்ஸ். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் அவருக்கு வரவேண்டிய பாக்கி 1,83,773 பவுண்டு என்று 2015இல் தீர்ப்பாயம் முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சில சூழல்களில் சாதியும் இனப் பின்னணி என்ற வரையறைக்குள் வரலாம் என்று சொல்லியிருந்தது.

சாதியைச் சமத்துவச் சட்டத்தில் நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. அரசு சேர்க்கவில்லை. 2018இல், இந்தத் தீர்ப்பே போதும் என்று கைவிட்டது. ஆகவே பாதிக்கப்படும் ஒவ்வொருவரும் தன் வழக்கு அந்த வரையறைக்குள் வரும் என்று தனித்தனியே வாதிட்டாக வேண்டும். எண்ண வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானும் இந்த இடத்தில் தயங்குகிறேன். வேலை விண்ணப்பத்தில் சாதிக்கு ஒரு கட்டம் வைத்தால், கடல் தாண்டி வந்து அந்த அடையாளத்தை மறக்க நினைப்பவர் கையில் மறுபடியும் அதைத் திணித்ததாகிவிடும். ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லை எழுதுவதற்கு எந்தக் கட்டமும் தேவையில்லை.

உரிமையின் விலை

சட்டம் இருந்தால் போதாது, அதன் வாசலுக்குப் போக வழியும் வேண்டும். 2013 ஜூலையில் வேலைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்க அரசு கட்டணம் விதித்தது. பாகுபாடு, சம ஊதிய வழக்குகளுக்கு மொத்தம் 1,200 பவுண்டு. வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. யூனிசன் தொழிற்சங்கம் நான்கு ஆண்டு போராடி, 2017இல் உச்ச நீதிமன்றத்தில் அதை உடைத்தது. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு மறுத்த போனஸைக் குப்பை அள்ளும் ஆண்களுக்குக் கொடுத்துவந்த பர்மிங்ஹாம் நகராட்சி, 2012 முதல் ஏறத்தாழ 110 கோடி பவுண்டை ஈடாகக் கொடுத்தது. 2023 செப்டம்பரில், கணினி மாற்றத்தில் ஏற்பட்ட செலவும் சேர்ந்து, இனிப் புதிய செலவுக்குப் பணமில்லை என்று அறிவித்தது.

நீங்கள் பிரிட்டனில் வேலை செய்பவரானால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. அரசின் ஊதிய இடைவெளி இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். சதவீதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், நான்கு கால்பகுதிகளையும் பாருங்கள். கீழே நிறைந்திருப்பவர்கள் மேலே எங்கே காணாமல் போகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பாகுபாடு நடக்கிறதா என்று அறிவதற்காகச் சக ஊழியரிடம் சம்பளத்தைக் கேட்டாலோ உங்களுடையதைச் சொன்னாலோ, ஒப்பந்தத்தில் இரகசியம் காக்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும் அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. சமத்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பிறகு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இனவாரி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். லண்டன் மேயர் அலுவலகம் போன்ற சில அமைப்புகள் எந்தக் கட்டாயமும் இல்லாமலே அதை வெளியிடுகின்றன. உங்கள் நிறுவனம் வெளியிடவில்லை என்றால், தொழிற்சங்கத்தின் வழியாக, எழுத்தில், தேதி போட்டுக் கேளுங்கள்.